ராமுத்தாய் செருப்புப் போட்டது

ராமுத்தாய் மண் தின்கிறாள் என்பது முதலில் அவள் மாமியார் ஜக்கம்மாளுக்குத்தான் தெரிந்தது. அடுப்பின் பின்பக்கம் பூசியிருந்த மண் அங்கங்கே சுரண்டுபட்டிருந்தது. எலி என்று நினைத்து ஜக்கம்மாள் இரண்டு தடவை பூசி மெழுகினாள். மூன்றாம் தடவை கதவோரம் நின்று பார்த்தாள். தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்த மருமகள் அடுப்புக்குப் பின்னால் குத்தவைத்து, நகத்தால் ஒரு சில்லைப் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடி, கல்கண்டு சப்புவதுபோல் சப்பினாள்.

அது 1953ஆம் வருடம். ராமுத்தாய்க்கு இருபத்தொரு வயது. ஆத்தூரில் பிறந்தவள். ரெட்டியார்சத்திரத்துக்கு வடக்கே, தார் ரோட்டை விட்டு ஒன்றரை மைல் உள்ளே இருந்த ஒரு சிற்றூரில் ஆண்டிச்சாமிக்கு வாழ்க்கைப்பட்டு நான்கு வருடம் ஆகியிருந்தது. ஆண்டிச்சாமிக்கு ஒரு கிணறும் அதைச் சுற்றி இரண்டரை ஏக்கர் தோட்டமும் இருந்தன. கத்தரி, வெங்காயம், அவரை, ஓரத்தில் நாலு வரிசை கனகாம்பரம். வீட்டில் மாமியாரும், ஆண்டிச்சாமியின் தம்பி ஒச்சப்பனும் இருந்தார்கள்.

வந்த புதிதில் ராமுத்தாய் வேலைக்குச் சளைத்தவளாக இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தாள். நகம் தட்டையாகிக் குழி விழுந்தது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் நெஞ்சு படபடவென்று அடித்தது. முதல் பிள்ளை பிறக்கும்போதே உயிரில்லாமல் பிறந்தது. ஊரில் அவளைச் சோகை பிடித்தவள் என்றார்கள். ஜக்கம்மாள் கரிசலாங்கண்ணி அரைத்துக் கொடுத்துப் பார்த்தாள். மண் தின்பதைக் கண்ட அன்று மகனைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரு. எனக்குப் பயமா இருக்கு."

திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு டாக்டரம்மா சிறிய ஆஸ்பத்திரி வைத்திருந்தார். ஆண்டிச்சாமி கத்தரிக்காயைச் சந்தையில் இறக்கிவிட்டு, மனைவியை வண்டியிலேயே அங்கே கூட்டிப்போனான். டாக்டரம்மா அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், வயிற்றில் புழு இருக்கிறது என்றார். ஒரு நாள் அங்கேயே படுக்கவைத்து வெறும் வயிற்றில் மருந்து கொடுத்தார்கள். கள் குடித்தவளைப்போல் தலை சுற்றியது. பிறகு பேதிக்குக் கொடுத்தார்கள். புழு விழுந்தது. சத்து மாத்திரை தந்து அனுப்பினார்கள்.

மாத்திரை தின்ற மூன்றாம் நாள் மலம் கரியாகக் கறுத்துப் போனது. குடல் வெந்துவிட்டது என்று பயந்து, யாருக்கும் சொல்லாமல் மீதி மாத்திரையை உறியில் தொங்கிய சட்டிக்குள் போட்டுவிட்டாள். ஆனாலும் புழு போனதில் கொஞ்சம் தெளிந்தாள். ஏழெட்டு மாதம் நன்றாகவே ஓடியது. மறுபடி பிள்ளை உண்டானாள். ஐப்பசி மழை வந்தது. ஓடைக்கரையிலும் தோட்டத்திலும் சேற்றில் நடந்து எல்லோருக்கும் கால்விரல் இடுக்கில் அரிப்பு வந்தது. வருடா வருடம் வருவதுதான். மஞ்சளை வைத்துத் தேய்த்துவிட்டு வேலையைப் பார்த்தார்கள். தை மாதத்துக்குள் ராமுத்தாயின் முகம் பழையபடி வெளுத்துவிட்டது. ஏழாம் மாதத்தில் அந்தப் பிள்ளையும் நிற்கவில்லை.

மடை திருப்பிக்கொண்டிருந்தபோது அவள் வாய்க்காலுக்குள் மயங்கி விழுந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. கமலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஆண்டிச்சாமி மாட்டை நிறுத்திவிட்டு ஓடிவந்து தூக்கினான். மறுநாள் மறுபடி நாகல் நகருக்குப் போனார்கள்.

இந்தத் தடவை டாக்டரம்மா பார்த்துப் புழு மருந்தும் சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்த பிறகு, நர்ஸ் செபாஸ்தியம்மாள் அவளைத் தனியே உட்காரவைத்தார். ஐம்பது வயதை நெருங்கிய பெண். சத்தமாகப் பேசுவார்; கேள்வி கேட்டால் பதில் வரும்வரை விடமாட்டார்.

"போன தடவ குடுத்த மருந்துல புழு விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சும்மா."

"அப்ப மறுபடி எப்படி வந்துச்சு?"

"தெரியலையே."

"கால்ல என்ன போட்டிருக்க?"

ராமுத்தாய் குனிந்து பார்த்தாள். பாதம் முழுக்கச் செம்மண்.

"ஒண்ணும் போடலம்மா."

"அதான் வழி. வாய் வழியா வரல, கால் வழியா வருது. வெளிக்கி எங்க போறீங்க?"

"ஓடைக்கரைக்கு."

"ஊரே அங்கதான போகுது? ஒருத்தர் வயித்துப் புழுவோட முட்டை அங்கன மண்ணுல விழுகும். ஈர மண்ணுல குஞ்சு பொரிக்கும். நீ வெறுங்காலோட போய் மிதிப்ப. தோலத் தொளச்சு உள்ள போயிரும். கால் இடுக்குல அரிக்குமே, அது வேற என்னன்னு நெனச்ச?"

ராமுத்தாய் நம்பாமல் பார்த்தாள். செபாஸ்தியம்மாள் எழுந்து, உள்ளறையில் பரிசோதனை பார்த்துக்கொண்டிருந்த கம்பவுண்டர் மரியசெல்வத்தைக் கூப்பிட்டார். அவர் பூதக்கண்ணாடிக் கருவியை ஜன்னல் பக்கம் திருப்பிவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கச் சொன்னார். முதலில் ராமுத்தாய்க்குத் தன் இமைமயிர்தான் தெரிந்தது. பிறகு வெளிச்சம் வந்தது. வெந்த ஜவ்வரிசியைக் கொஞ்சம் இழுத்ததுபோல நீள்வட்டமாக, மேலே மெல்லிய தோலும் உள்ளே பிரிவு பிரிவாகவும் நாலைந்து தெரிந்தன.

"இது எங்கிட்ட இருந்து வந்ததா?"

"ஒன்னோட புழு முட்டைதான். காலையில போனத எடுத்துக் குடுத்தியே" என்றார் மரியசெல்வம்.

வெகுநேரம் பார்த்தாள். அருவருப்பைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. தனக்கு வந்தது தலைவிதியோ, யாருடைய கண்ணோ, பிறந்த நேரமோ என்று அதுவரை நினைத்திருந்தாள். எண்ணக்கூடியதாக, வெளிச்சத்தில் வைத்தால் தெரிகிற ஒன்றாக அது இருக்கும் என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

இந்த முறை செபாஸ்தியம்மாள் மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "கருப்பாப் போகும். பயப்படாத. இரும்பு அப்படித்தான் போகும்."

ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்குப் போகும் வழியில் இஞ்ஞாசி என்றொருவர் லாரி டயரை அறுத்துச் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தார். ஆண்டிச்சாமி தயங்கியபடி கேட்டான்.

"பொம்பளைக்கு இருக்கா? வயக்காட்டுக்குப் போட."

இஞ்ஞாசி ஊசியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "ஆம்பளைக்குன்னா இந்தா அடுக்கி வச்சிருக்கேன். பொம்பளை வயக்காட்டுக்குப் போடன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. அளவெடுத்துத்தான் தைக்கணும். கால வை தாயி."

ஒரு பழைய காகிதத்தைத் தரையில் போட்டார். ராமுத்தாய் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பாதத்தை அதன்மேல் வைத்தாள். பென்சில் சுற்றிவந்தபோது கூச்சமாக இருந்தது. அவள் காலை யாரும் அளந்ததில்லை. சேற்றில் கழன்றுபோகாமல் இருக்கக் குதிகாலைச் சுற்றி ஒரு வார் வைக்கவேண்டும் என்று இஞ்ஞாசி தாமாகவே சொன்னார். அடுத்த சந்தைக்கு வந்தபோது செருப்பு தயாராக இருந்தது. கறுப்பு, கனம், அடியில் டயரின் வரிகள் அப்படியே இருந்தன.

அதைப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் அவள் நடந்தது ஒரே ஒருநாள்தான். டீக்கடை முன்னால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன், பின்னால் வந்த ஆண்டிச்சாமியைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"என்னப்பா ஆண்டிச்சாமி, பொண்டாட்டிக்கு லாடம் அடிச்சுக் கூட்டியாந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆண்டிச்சாமியும் சிரித்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும், "தெருவுல போடாத. பைக்குள்ள வச்சுக் கொண்டாந்து தோட்டத்துல போட்டுக்க" என்றான். அவள் சரி என்றாள்.

தோட்டத்தில் ஜக்கம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"இங்கன போட்டுட்டு வராத."

"நர்சம்மா சொன்னாங்க அத்தே..."

"யாரு சொன்னா என்ன? சோறு போடுற மண்ணு. செருப்புக் காலோட மிதிச்சா வெளையுமா? கெணத்துமேட்டுல கன்னிமார் இருக்கு. எங்க மாமியா காலத்துல இருந்து இந்தப் பாத்திக்குள்ள யாரும் செருப்போட எறங்குனதில்ல."

ஜக்கம்மாள் கோபத்தில் சொல்லவில்லை. உள்ளபடியே பயந்துதான் சொன்னாள். இரண்டு பிள்ளை போன வீட்டில் சாமியையும் பகைத்துக்கொள்ள அவளுக்குத் துணிவில்லை. கிணற்றுமேட்டில் கன்னிமாராக நட்டிருந்த ஏழு கற்களுக்கு அவள் வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசுகிறவள்.

தெருவிலும் கூடாது, தோட்டத்திலும் கூடாது என்றால் செருப்பு எதற்கு என்று ராமுத்தாய் வாய்விட்டுக் கேட்கவில்லை. பரண்மேல் போட்டுவிட்டாள். செபாஸ்தியம்மாள் சொன்னதில் அவளால் செய்ய முடிந்தது மாத்திரை தின்பது ஒன்றுதான். இந்தத் தடவை கறுத்துப் போனபோது பயப்படவில்லை. ஒருநாள் விடாமல் தின்றாள்.

மாத்திரை வாங்க அடுத்த முறை போனபோது செபாஸ்தியம்மாள் அவள் வெறுங்காலைப் பார்த்தார். நடந்ததைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் உள்ளே போய் மூன்று காலித் தைல டப்பாக்களைக் கொண்டுவந்தார். மூடியில் ஆணியால் ஒன்றில் ஒரு கோடு, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று கிழித்திருந்தது.

"ஒரு கோடு ஒம் மாமியாருக்கு. ரெண்டு ஒம் புருசனுக்கு. மூணு கொழுந்தனுக்கு. காலையில போனதுல ஒரு நெல்லிக்கா அளவு எடுத்து இதுல போட்டுக் கொண்டா."

"அவுகளுக்கு ஒண்ணும் இல்லையேம்மா. நல்லாத்தானே இருக்காங்க."

"கொண்டா. பாப்போம்."

வீட்டில் இதைச் சொன்னபோது ஒச்சப்பன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். ஆண்டிச்சாமி, "சீ, என்ன கருமம்டா இது" என்றான். ஜக்கம்மாள் நாலு நாள் மருமகளோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் காலையில் ஒரு கோடு போட்ட டப்பா, வேப்பிலையால் மூடிய நிலையில், முற்றத்து ஓரத்தில் இருந்தது. அதைப் பார்த்து மற்ற இருவரும் கொடுத்தார்கள்.

மூன்று டப்பாக்களையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு ராமுத்தாய் திண்டுக்கல் பஸ்ஸில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பூக்காரப் பெண் பையைக் கண்ணால் அளந்தாள்.

"என்னாத்தா, நெய்யா?"

"இல்ல."

"வெண்ணெயா இருந்தாலும் எனக்குக் கொஞ்சம் குடு. பிள்ளைக்கு வேணும். செத்தத் தொறந்து காமியேன்."

"டாக்டரம்மாவுக்குக் கொண்டு போறேன். அவுக மட்டுந்தான் பாக்கணும்" என்று சொல்லிப் பையை இறுக்கிக்கொண்டாள். எழுந்து இறங்கும்வரை சிரிக்காமல் இருந்தது பெரும்பாடாகிவிட்டது. இறங்கிய பிறகு ரோட்டோரம் நின்று தனியாகச் சிரித்தாள். இரண்டு வருடத்தில் அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மூன்று டப்பாவிலும் முட்டை இருந்தது. ஆண்டிச்சாமியுடையதில்தான் எல்லோருடையதையும்விட அதிகம்.

அடுத்த சந்தைநாளில் ஆண்டிச்சாமி மருந்துக்கு வந்தான். அவனால் இதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "நான் கமலை ஓட்டுறேன், மூட்டை தூக்குறேன். எனக்கு ஒரு தலவலி வந்ததில்ல. எனக்கு அம்புட்டுப் புழுன்னா, நான் ஏன் விழுகல? அவ ஏன் விழுந்தா?"

செபாஸ்தியம்மாள் அவனைத் திருப்பிக் கேட்டார்.

"வீட்டுல மொதல்ல யாரு சாப்புடுறது?"

"நானும் தம்பியும்."

"அப்புறம்?"

"ஆத்தா... ஆத்தாவும் அவளும்."

"ஆத்தா சாப்ட்டப்புறம் மிச்சம் இருக்கிறது அவளுக்கு. கறி எடுத்தா அவ தட்டுல துண்டு விழுகுதா? முருங்கைக்கீரை ஆக்குனா அவளுக்கு மிஞ்சுதா?"

ஆண்டிச்சாமி யோசித்தான். மனைவி என்ன சாப்பிடுகிறாள் என்பதை அவன் பார்த்ததே இல்லை. அவள் சாப்பிடும் நேரத்தில் அவன் எப்போதும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பான்.

"புழு ரத்தத்தக் குடிக்குது. நீ சாப்புட்டு அத ஈடு கட்டிர்ற. அவளுக்கு மாசாமாசம் போகுது, ரெண்டு பிள்ளை வேற. எதுல இருந்து ஈடு கட்டுவா?"

அவன் மருந்தைக் குடித்துவிட்டு, தலைசுற்றல் தீர மதியம்வரை ஆஸ்பத்திரிப் பெஞ்சில் படுத்திருந்தான்.

மறுநாள் மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, பரிமாற வந்த ராமுத்தாயிடம், "நீயும் ஒக்காரு" என்றான். அவள் மாமியாரைப் பார்த்தாள். ஜக்கம்மாள் உலை மூடியைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"பொம்பளை ஒக்காந்துட்டா யாருடா போடுறது?"

"சட்டியை நடுவுல வையி ஆத்தா. அவங்கவங்க போட்டுக்கிறோம்."

ஜக்கம்மாள் சட்டியைத் தரையில் ணங்கென்று வைத்தாள். "அப்ப நான் மட்டும் எதுக்குக் கரண்டியப் பிடிச்சுட்டு நிக்கணும்? நானும் ஒக்காந்துர்றேன்" என்று சொல்லிச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்தபோதுதான் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் இரண்டு பேருக்கு மட்டுமே ஆக்கியிருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அத்தனை வருடமாக அப்படித்தான் ஆக்கிக்கொண்டிருந்தார்கள். ஜக்கம்மாள் சட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். தனக்கு மிஞ்சியது எவ்வளவு என்பதை அவளும் கணக்குப் பார்த்ததில்லை. மறுநாளிலிருந்து கீரை இரண்டு மடங்காக உலையேறியது. சந்தைக்கு ஆகாத சொத்தைக் கத்தரிக்காயை மட்டும் வீட்டுக்கு எடுக்கும் வழக்கத்தையும் ஆண்டிச்சாமி நிறுத்தினான்.

அடுத்த வருடக் கோடையில், அடுப்பு மெழுகிக்கொண்டிருந்த ராமுத்தாய் திடீரென்று கையை நிறுத்தினாள். ஈரமண்ணின் வாசனை மூக்குக்குப் பக்கத்தில் இருந்தது. நாக்கில் எச்சில் ஊறவில்லை. ஒரு துளி எடுத்து வாயில் வைத்துப் பார்த்தாள். வெறும் மண்ணாக இருந்தது. துப்பிவிட்டாள். பிடித்த ஒன்று கைவிட்டுப் போனதுபோல் ஒரு நொடி இருந்தது என்று பிற்பாடு அவளே சொல்லியிருக்கிறாள்.

1956இல் மூன்றாம் முறையாக உண்டானாள். இந்தத் தடவை வீட்டில் யாரும் சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஐந்தாம் மாதத்தில் மழைக்காலம் தொடங்கியது. முதல் மழை பெய்த மறுநாள் காலை, ராமுத்தாய் ஓடைக்கரைக்குப் புறப்பட்டு வாசலைத் தாண்டும்போது, பின்னால் பரண் ஏணி முனகும் சத்தம் கேட்டது. ஜக்கம்மாள் இறங்கிவந்தாள். தலையெல்லாம் ஒட்டடை. கையில் அந்த டயர் செருப்பு இரண்டும் இருந்தன. அதுவரை அவள் செருப்பைக் கையால் தொட்டதில்லை. அவள் அவற்றை மருமகளின் கால் முன்னால் போட்டாள்.

"போட்டுக்க."

"அத்தே, தெருவுல..."

"தெருவுல எவன் என்ன சொல்றான்னு நான் பாக்குறேன். போட்டுக்கிட்டுப் போ."

"தோட்டத்துல?"

ஜக்கம்மாள் தலையிலிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டாள். "கெணத்துமேட்டுக்கிட்ட கழட்டிரு. கன்னிமாரத் தாண்டி மறுபடி போட்டுக்க. நான் சொல்லிக்கிறேன் அதுககிட்ட."

என்ன சொன்னாளோ தெரியாது. அந்த வெள்ளிக்கிழமை அவள் கிணற்றுமேட்டில் வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தாள்.

டீக்கடைக்காரர்கள் மறுபடி சிரித்தார்கள். ஜக்கம்மாள் மருமகளின் பின்னாலேயே நடந்துவந்து, சிரித்தவர்களின் முன்னால் நின்று ஒவ்வொருவரின் தாயாரையும் பெயர் சொல்லி விசாரித்தாள். "ஒங்காத்தா நல்லா இருக்காளா? எந்திரிச்சு நடக்குறாளா?" வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு சிரிப்பு குறைந்தது.

செருப்பு மட்டும் போதாது என்று ராமுத்தாய்க்கே தோன்றியது ஒரு பெருமழையின்போது. ஓடைக்கரையிலிருந்து இறங்கிய தண்ணீர் நேராகத் தங்கள் கத்தரிப் பாத்திக்குள் பாய்வதை அவள் வரப்பில் நின்று பார்த்தாள். கணவனிடம் காட்டினாள்.

"அங்க போறத எல்லாம் மழை நம்ம பாத்திக்குள்ள கொண்டாந்து விட்டுருது. நான் செருப்புப் போட்டு என்ன? நீங்க எல்லாம் வெறுங்காலோடதான நிக்கிறீங்க?"

ஆண்டிச்சாமி ஓடைப்பக்கம் வரப்பை இரண்டு அடி உயர்த்தினான். அதற்கப்புறம் மேட்டுப்பக்கம், கிணற்றுக்கு எட்டாத தூரத்தில், தரிசு மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு குழி வெட்டினான். மேலே இரண்டு பனங்கட்டை, சுற்றிச் சோளத்தட்டை மறைப்பு. பக்கத்தில் சாம்பலும் மண்ணும் கலந்த குவியல். போனவர்கள் இரண்டு கை அள்ளிப் போடவேண்டும். முதலில் போக எல்லோருக்கும் வெட்கம். நாலு தட்டைக்குள் உட்காருவது அடைத்துவைத்த மாதிரி இருக்கிறது என்று ஒச்சப்பன் சொன்னான். மழை கொட்டிய ஒருநாள், ஓடைவரை நனையாமல் போய்வரலாம் என்று அவனே போனான். அப்புறம் பழகிவிட்டது. குழி நிறைந்தால் மூடிவிட்டு நாலு அடி தள்ளி வேறொன்று வெட்டுவார்கள். மூடிய குழியின்மேல் ஒரு வருடம் கழித்து வைத்த வாழை, கன்றும் தாருமாகத் தழைத்தது.

1957 மாசியில் ராமுத்தாய்க்கு நாகல் நகர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. ஆறே கால் பவுண்டு. அழுத சத்தம் வராந்தாவரை கேட்டது. வெளியே நின்ற ஆண்டிச்சாமி அது வேறு யாருடைய குழந்தையோ என்று நினைத்தானாம். ஜக்கம்மாள் வாரிக் கையில் எடுத்து, முகத்தைப் பார்க்குமுன் காலைப் பார்த்தாள். இரண்டு பாதத்தையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் துணியைச் சுற்றினாள். மூன்று வருடம் கழித்து ஓர் ஆண் குழந்தையும் பிறந்தது.

ஜக்கம்மாள் கடைசிவரை செருப்புப் போடவில்லை. டாக்டரம்மா சொன்ன மருந்தைக் குடித்தாள், குழிக்குப் போனாள், மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். செருப்பு மட்டும் முடியாது என்றாள். "எனக்கு இனிமே பிள்ளையா பெறப்போகுது?" என்று கேட்டாள். ராமுத்தாய் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

ஊரும் பெரிதாக மாறவில்லை. அறுபதுக்குப் பிறகு யூனியன் ஆபீசிலிருந்து கக்கூசுக்கான சிமெண்டுப் பலகைகள் வந்தன. ஏழு வீடுகள் வாங்கின. அவற்றில் நாலு பலகைகள் கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லாயின. வழுவழுப்பாக, நடுவில் தண்ணீர் போகத் துளையோடு, துவைக்க அதைவிடத் தோதானது வேறில்லை என்றார்கள். மூன்று வீட்டார் குழி வெட்டிப் பதித்தார்கள். மற்றவர்கள் ஓடைக்கரைக்கே போய்க்கொண்டிருந்தார்கள். ராமுத்தாய் யாரிடமும் போய் எடுத்துச் சொன்னவள் அல்ல. கேட்டால் சொல்வாள், கேட்காவிட்டால் கத்தரிக்காய் பறிப்பாள்.

1963இல் ஒச்சப்பனுக்குக் கல்யாணம் ஆகி சண்முகவள்ளி வந்தாள். திண்டுக்கல் டவுனில் வளர்ந்த பெண். நீல வார் வைத்த ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி, தெரு வழியாக, டீக்கடையைத் தாண்டி, வீட்டு வாசல்வரை நடந்துவந்தாள். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒருவன் தன் மனைவிக்கு அந்தச் செருப்பு எங்கே கிடைக்கும் என்று ஒச்சப்பனைக் கேட்டான்.

வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற ராமுத்தாய்க்கு அன்று உள்ளுக்குள் எரிச்சலாக இருந்தது. எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை. புதுப்பெண்ணிடம் அரைநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலம் சண்முகவள்ளி அவளிடம் வந்து, "அக்கா, வெளிக்கி எங்க போகணும்?" என்று மெதுவாகக் கேட்டாள். "ஓடைப்பக்கம்னா எனக்குப் பயம். டவுன்ல எங்க வீட்டுல கக்கூஸ் உண்டு."

"ஓடைக்கு எதுக்கு? வா" என்று ராமுத்தாய் தோட்டத்து மேட்டுக்குக் கூட்டிப்போனாள். சோளத்தட்டை மறைப்பு அதற்குள் தென்னங்கீற்று மறைப்பாகியிருந்தது. சண்முகவள்ளி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "கதவு இல்லையாக்கா?" என்றாள்.

"இல்ல. நான் நிக்கிறேன், போயிட்டு வா."

வெளியே காவல் நின்றபோது ராமுத்தாய்க்கு எரிச்சல் இருந்த இடம் தெரியவில்லை. மறுநாளே ஆண்டிச்சாமியிடம் சொல்லி ஒரு தகரக் கதவு போடவைத்தாள்.

அறுபத்தெட்டில் தோட்டத்துக்கு மின்சார மோட்டார் வந்தது. மாடுகளுக்குக் கமலை வேலை இல்லாமல் போனது. ராமுத்தாய்க்கு வேலை குறையவில்லை. தண்ணீர் தாராளமாகப் பாய்ந்ததால் கத்தரி இரண்டு போகம் போட்டார்கள். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. இரண்டு பிள்ளைகளும் ரெட்டியார்சத்திரம் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். சந்தைநாளில் விடிந்ததும் அவளும் சண்முகவள்ளியும் ஆளுக்கொரு கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு தார் ரோட்டுக்கு நடப்பார்கள். ஒன்றரை மைல். பாதி வழியில் வேப்பமரத்தடியில் சண்முகவள்ளி கூடையை இறக்கி இளைப்பாறுவாள். ராமுத்தாய் இறக்காமல் பக்கத்தில் நின்று, அவள் எழுந்திருக்கும்வரை காத்திருப்பாள்.